மாமா தள்ளிய ஆட்டோ

அபராதம் கட்டாததற்காக லைசென்ஸைப் பிடுங்கி வைப்பது நியாயமா என்று டிவியில் நாலு பேர் கோட்டு போட்டுக்கொண்டு சண்டை போடுகிறார்கள். எங்கள் மாமா இதே வழக்கைக் காரைக்குடி வீதிகளில் சட்டை நனைய நனைய நடத்தியவர். அந்த வழக்கில் நானும் உண்டு, ஆட்டோவுக்குள் சும்மா உட்கார்ந்த சுமையாக.

மாமா அம்மாவின் தம்பி, ஆட்டோ ஓட்டுகிறவர். ஹெட்லைட் எரியவில்லை என்று அபராதம் போட்டு, கட்டுகிறவரை லைசென்ஸை ஸ்டேஷனில் வைத்துக்கொண்டார்கள். "ஓட்டாம எப்படிங்கய்யா கட்டுறது?" என்று கேட்டுவிட்டு வந்தார். மிச்சமிருந்தது எங்களைப் பள்ளிக்கூடத்தில் கொண்டுபோய் விடுகிற சவாரி. பிள்ளைகள் ஐந்து பேர். மாசக் கூலி வந்தால்தான் அபராதம் கட்ட முடியும். அதற்குள் நாலு நாள் வண்டி நின்றால் மற்ற வீட்டுக்காரர்கள் வேறு ஆட்டோ பிடித்துவிடுவார்கள். பிறகு லைசென்ஸை மறந்துவிட வேண்டியதுதான்.

மறுநாள் காலையில் சீக்கிரமே வந்து எங்களை ஏற்றினார். இன்ஜினைத் தொடவில்லை. வெளியே நின்று, ஒரு கையை ஹேண்டில்பாரில் வைத்துக்கொண்டு தள்ள ஆரம்பித்தார்.

முக்கில் போலீஸ்காரர் மறித்தார்.

"ஓட்டலீங்கய்யா, தள்ளிக்கிட்டுப் போறேன். தள்ளுறதுக்குமா லைசென்ஸ் கேக்குறீக?"

போலீஸ்காரர் சிரிப்பை மீசைக்குள் வைத்துக்கொண்டு அங்குட்டுத் திரும்பிக்கொண்டார். டீக்கடைக்காரர் விடவில்லை.

"என்ன மச்சான், பெட்ரோல வண்டிக்கு ஊத்தாம நீங்க குடிச்சிட்டீகளா?"

"பழைய சோத்து நீச்சத்தண்ணிதான் மச்சான். நல்லா மைலேஜ் குடுக்குது!"

வீதியே சிரித்தது. மற்ற நாலு பிள்ளைகளும் வாயாலேயே 'டுர்ர்' என்று இன்ஜின் ஓட்டின. நான் மட்டும் சீட்டுக்குக் கீழே இறங்கி, புத்தகப்பையைத் தலைமேல் கவிழ்த்துக்கொண்டேன். நான் அப்போது வகுப்பு லீடர். சட்டையில் பேட்ஜ் வேறு. மூன்றாம் வகுப்புக்காரியின் கௌரவம் சாதாரணமா?

கண்மாய்க்கரை மேட்டில் வண்டி நின்றுவிட்டது. "எல்லாரும் எறங்கி ஒரு கை குடுங்கப்பா" என்றார் மாமா. நாலும் குதித்து ஓடின. நான் அசையவில்லை. எதிரே என் வகுப்புப் பிள்ளைகள் கூட்டமாக வந்துகொண்டிருந்தார்கள்.

துண்டால் முகத்தைத் துடைத்தபடி மாமா உள்ளே எட்டிப் பார்த்தார். நான் பையை இன்னும் இழுத்துக்கொண்டேன். "நீயும் எறங்கு ஆத்தா" என்று சொல்லப்போகிறார் என்று காத்திருந்தேன். அவரோ மழைக்காகச் சுருட்டிக் கட்டியிருந்த படுதாவை இரண்டு பக்கமும் அவிழ்த்துவிட்டு, மறுபடி தள்ளினார்.

சுள்ளென்று வெயில் அடிக்கும்போது எதற்குப் படுதா? தள்ளித் தள்ளி மாமாவுக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்றுதான் அன்றைக்கு நினைத்தேன். வீட்டில் அம்மாவிடம் அப்படியே சொல்லவும் செய்தேன்.