நாற்பதன்று கரித்த தேத்தண்ணி

ஐந்து வருடங்களுக்கு முன், நல்ல வெயில் காலத்தில், கடற்கரை ஊரான கற்பிட்டியில் உள்ள எங்கள் வீட்டில் என் மகள் பிறந்த நாற்பதாம் நாள் விருந்து நடந்தது. எங்கள் குடும்பத்தில் பெண்பிள்ளைக்கு வீடு கொடுத்துத்தான் கலியாணம் செய்வார்கள். வாப்பாவும் தன் ஒரே காணியை நான்கு துண்டாக்கி, நான்கு மகள்மாருக்கும் வீடு கட்டிக் கொடுத்திருந்தார். வீட்டுக்கு ஒரு கிணறு, கிணற்றுக்கு ஒரு மோட்டார்.

இந்த ஒரு மகளே போதும் என்று நானும் கணவரும் முடிவெடுத்திருந்தோம். எங்கள் மணலுக்குக் கீழே நல்ல தண்ணீர் கொஞ்சம்தான் இருக்கிறது. அதையும் தோட்டங்களும் வீடுகளும் போட்டி போட்டு இழுக்கின்றன. இன்னும் எத்தனை பேரை இந்த மண் தாங்கும் என்பதுதான் எங்கள் கவலை. சரி, இதை மாமியிடம் யார் சொல்வது? கணவரோ தாய்க்கு முன்னால் வாய் திறக்காத மனுஷன். எனக்கு வாய் நீளம் என்று ஏற்கெனவே பெயர். பழி என் தலையில்தான் விழும் என்று தயாராகவே இருந்தேன்.

விருந்தன்று விடிந்ததிலிருந்து நான்கு வீட்டு மோட்டார்களும் ஒன்றாக ஓடின. சமைக்க, சஹன் தட்டுகளைக் கழுவ, வந்தவர்கள் தொழுகைக்கு வுழூச் செய்ய என்று தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தது. நிறுத்த வேண்டும் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. சாப்பாடு முடிந்து தேத்தண்ணி வந்தது. முதல் மிடறிலேயே எல்லோருடைய முகமும் கோணியது. சீனிக்குப் பதிலாக உப்பைப் போட்டுவிட்டாள் என்று என் தங்கைக்கு ஏச்சு விழுந்தது. அவள் கோபத்தோடு போய்க் கிணற்றுத் தண்ணீரைக் கொண்டுவந்து நீட்டினாள். கரித்தது கிணறுதான். நல்ல தண்ணீரை இழுத்து முடித்து, அடியில் கிடந்த உப்புத் தண்ணீரை மேலே கொண்டுவந்திருந்தோம்.

அந்த அமளியிலும் மாமி பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு, அடுத்தது ஆண்பிள்ளையாக இருக்கட்டும் என்று துஆக் கேட்டார். எல்லோரும் ஆமீன் சொன்னார்கள். நான் வாயைத் திறக்குமுன், கோப்பைகளை எடுக்க வந்த என் கணவர் பேசினார்.

“உம்மா, எங்களுக்கு இந்த ஒரு புள்ள போதும். முடிவெடுத்திட்டம்.”

மாமி என்னைத்தான் பார்த்தார். “ரிஸ்க்கு, சாப்பாடு தண்ணியெல்லாம் தாறது அல்லாஹ், மகன். ஒன்ட பொண்டாட்டி சொல்லித் தந்த கதையா இது?”

“இல்ல உம்மா, மொதல்ல சொன்னது நான். தண்ணியும் அல்லாஹ் பாத்துக்கச் சொல்லித் தந்த அமானிதம்தானே. நாங்க அதப் பாத்துக்கிட்ட லெச்சணம் இந்தா கோப்பைக்குள்ள இரிக்கி.”

உண்மையில் முதலில் சொன்னது நான்தான். கலியாணமான புதிதிலேயே சொன்னேன். அவர் நெடுநாள் யோசித்த பிறகுதான் சரி என்றார். ஆனாலும் அந்த இடத்தில் நான் திருத்தவில்லை. இவருக்கு இவ்வளவு வாய் இருப்பது அன்றுதான் எனக்கே தெரிந்தது. சந்தோஷத்தில் அழுகை வந்தது.

மாமி சில மாதங்கள் எங்கள் வீட்டுப் பக்கமே வரவில்லை. பிறகு பேத்தியைப் பார்க்காமல் இருக்க முடியாமல் வந்தார். இன்றும் அவர் எங்கள் முடிவை ஏற்கவில்லை, நாங்களும் மாற்றவில்லை. சகோதரிகள் நாங்கள் இப்போது முறை வைத்து மோட்டார் போடுகிறோம். கிணறு ஓரளவு தேறியிருக்கிறது.

நாங்கள் ஒரு பிள்ளையோடு நின்றுவிட்டதால் இந்தக் கரை முழுக்க நல்ல தண்ணீர் ஊறிவிடாது என்பது எனக்குத் தெரியும். ஆனாலும் எங்கள் பங்கைச் செய்தோம் என்று யாரிடமும் தலை நிமிர்ந்து சொல்வேன். அன்று அவர் சொன்ன அந்த ஒரு பொய்யால்தான், எல்லோர் கண்ணிலும் என் முடிவாகப் போக இருந்தது எங்கள் முடிவானது.