ஏழாம் துளையை நகர்த்த மறுத்தவர்

சொந்தப் பெயரைச் சொல்லி விசாரித்தால், மண்ணில் துளை போடும் தொழிலில் இருப்பவர்களில் பாதிப் பேர் உதட்டைப் பிதுக்குவார்கள். ‘ஒண்ணுகொறச்சல்’ என்று கேளுங்கள், வீட்டு வாசல்வரை கொண்டுபோய் விடுவார்கள்.

அந்தப் பட்டம் அவருக்கு இருபத்து நான்காம் வயதில் கிடைத்தது. ஒரு கட்டடம் எழும்பும் முன் அடியில் என்ன மண் இருக்கிறது என்று பார்ப்பதற்கு, இரும்பு ராடுகளை ஒன்றோடொன்று திருகி மாட்டிக் கீழே இறக்குவார்கள். ஒரு ராடு ஒன்றரை மீட்டர். எத்தனை ராடு இறங்கியது என்ற கணக்கை வைத்துத்தான் எந்த ஆழத்தில் எந்த மண் என்று எழுத முடியும். ஒரு தண்ணீர்த் தொட்டிக்கான வேலையில் அவர் ஒரு ராடை எண்ணாமல் விட்டுவிட்டார். அதற்குப் பிறகு எழுதிய ஆழமெல்லாம் ஒன்றரை மீட்டர் பிசகு. சாயங்காலம் கழுவி அடுக்கும்போது சேறு பட்ட ராடுகள் ஒன்பது இருந்தன, தாளில் எட்டுதான். வேறு யாரும் கவனிக்கவில்லை. அவரே மேஸ்திரியிடம் போய்ச் சொன்னார். மறுநாள் பக்கத்திலேயே புதிதாக ஒரு துளை போட வேண்டியதாயிற்று.

“ஒண்ணு கொறச்சல், ஒண்ணு கொறச்சல்” என்று கூட்டமே கேலி செய்தது.

“ராடுலதான் ஒண்ணு கொறஞ்சுது. வாய்ல எதுவும் கொறயல. பாத்துப் பேசுங்க” என்றாராம்.

அவருடைய அப்பாவும் துளை போட்டவர்தான். இடுப்பில் அடிபட்டு அப்பா படுத்தபோது, அந்த இடத்துக்கு வேறு ஆள் வருவதற்குள் மகள் வந்து நின்றுவிட்டார். பிறகு தம்பியும் சேர்ந்தார். தம்பி எந்திரத்தை ஓட்டுவார். அக்கா ராடு எண்ணுவார், மேலே வரும் மண்ணைப் பார்த்து எழுதுவார், சோதனைக்கு வேண்டியதைப் பாட்டிலில் அடைப்பார். துளையின் தாளில் கடைசியில் கையெழுத்துப் போடுவதும் அவர்தான்.

பழைய தொழிற்சாலை, பெட்ரோல் பங்க் இருந்த இடங்களில் மண்ணில் விஷம் ஊறியிருக்கலாம். அதைக் கண்டுபிடிக்க எடுக்கும் மண்ணைப் பழுப்புக் கண்ணாடிப் பாட்டிலில் விளிம்புவரை திணித்து, மூடி, ஐஸ் பெட்டியில் வைக்க வேண்டும். கொஞ்சம் இடைவெளி விட்டால்கூட ஆவி அந்த இடத்தில் சேர்ந்து, மூடியைத் திறந்ததும் பறந்துவிடும். சோதனையில் மண் சுத்தம் என்றே வரும். சோதனைக்கூடத்தில் மாதிரிப் பதிவேடு என் பொறுப்பில் முப்பத்து நான்கு ஆண்டுகள் இருந்தது. அவர் கொண்டுவந்த பாட்டில்கள் 6,218. இடைவெளி இருக்கிறது என்று நான் திருப்பி அனுப்பியது ஒன்றுமில்லை.

அவருடைய ஐம்பத்து மூன்றாம் வயதில் நடந்ததைத்தான் சொல்ல வந்தேன். அவர், அவருடைய தம்பி, அவர்களுக்குத் துளை வேலை கொடுக்கும் ஆய்வு நிறுவனத்தின் எஞ்சினியர் ஆகிய மூவரிடமும் தனித்தனியாகக் கேட்டு எழுதுகிறேன்.

இடம், மூடிக்கிடந்த ஒரு பெரிய சலவை நிலையம். நாற்பது ஆண்டுகளுக்கு மேல் அங்கே, தண்ணீருக்குப் பதில் ரசாயனத் திரவத்தில் துணி வெளுக்கும் டிரை கிளீனிங் நடந்தது. அதை இடித்து ஆறு மாடிக் குடியிருப்பு வரப்போகிறது. தரைத்தளத்தில் குழந்தைகள் காப்பகம். வரைபடத்தில் பன்னிரண்டு துளைகள் குறித்திருந்தார்கள். ஆறு துளைகள் நான்கு நாளில் முடிந்தன. ஏழாவது, சலவை எந்திரங்கள் நின்ற அறைக்கு நடுவில். அங்கே தரை நாற்பத்தைந்து சென்டிமீட்டர் கான்கிரீட், உள்ளே இரண்டு வரிசைக் கம்பி.

கட்டட முதலாளியின் மேனேஜர் வந்து பார்த்தார். “இத ஒடைக்க ஒரு நாள் போயிடும். நாலு மீட்டர் தள்ளி வெளிய முத்தத்துல போட்ருங்க. நாலு மீட்டர்ல மண்ணு என்ன மாறிடப் போகுது?”

“தள்ளிப் போடலாம் சார்” என்றார் அவர். “தள்ளின இடத்தத் தாள்ல எழுதணும்.”

“அது எதுக்கு? படம் ஏற்கெனவே ஒப்புதல் வாங்கியாச்சு. ஏழுன்னு போட்டு முடிங்க.”

“முத்தத்துல போட்டுட்டு ரூமுக்குள்ள போட்டேன்னு எழுதச் சொல்றீங்க.”

“நான் எழுதுங்கன்னு சொல்லலயே. எழுதாதீங்கன்னுதான் சொல்றேன்.”

“அப்போ அத நீங்க எழுதிக் குடுங்க. ‘ஏழாம் துளைய நகத்தவும், நகத்தினத எழுத வேண்டாம்’னு ரெண்டு வரி. கீழ உங்க கையெழுத்து.”

மேனேஜர் எஞ்சினியரைப் பார்த்தார். எஞ்சினியர் நாற்பது வயதுக்காரர். பயம் வந்தால் கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார். அன்று துடைத்துத் துடைத்தே அதைத் தேய்த்துவிட்டார் என்பது தம்பியின் வாக்குமூலம். எஞ்சினியர் ஓரமாகப் போய்த் தன் அலுவலகத்துக்குப் போன் பேசிவிட்டுத் திரும்பினார்.

“மேடம், எழுத்துல எதுவும் குடுக்கக் கூடாதுன்னு சொல்றாங்க.”

“எழுதக் கூடாத காரியத்த என்னைச் செய்யச் சொல்றாங்களா?”

அவர் சாமான் பெட்டியிலிருந்து ஒரு முக்காலியை எடுத்து, ஏழு என்று சுண்ணாம்பில் எழுதியிருந்த இடத்தின் மேலேயே போட்டு உட்கார்ந்துகொண்டார். நேரம் பகல் 11.10. சாப்பாட்டையும் அங்கேயே முடித்தார்.

தம்பி கிட்டே வந்து குனிந்தார். “அக்கா, ஆறு மாச வேலை முழுக்க இந்த ஆபீஸ்லேந்துதான் வரணும். ஞாபகம் இருக்கா?”

“இருக்குடா.”

“எந்திரிச்சு வா. ஊர்ல எல்லாரும் நகத்துறாங்க.”

“ஊர்ல எல்லாரும் கையெழுத்தும் போடட்டும். என் கைய எதுக்குத் தேடுறாங்க?”

அன்று வேலை நடக்கவில்லை. “நாளைக்கு வேற ஆள வச்சு முடிச்சுக்கறோம்” என்று சொல்லிவிட்டு மேனேஜர் காரில் ஏறினார். ஆனால் முதல் ஆறு தாள்களிலும் கையெழுத்து இவருடையது. ஏழாவதில் மட்டும் கை மாறினால் பார்ப்பவர்கள் ஏன் என்று கேட்பார்கள். இது மேனேஜருக்கும் தெரியும்.

வீட்டில் கணவர் தையல் எந்திரத்தை நிறுத்தாமலே கேட்டார். அவர் சட்டை தைப்பவர். “வேலை போயிடும்போல?”

“போனாலும் போகும்.”

“நான் அளவு தப்பா எடுத்தா ஒரு சட்டைதான் வீணாகும். நீ தப்பா எழுதினா குழந்தைங்கள்ல கொண்டுபோய் விடும்.” நூலைப் பல்லால் கடித்து அறுத்தார். “ஆனா ஒண்ணு. வீட்ல சும்மா உக்காந்து என் தையல நொட்டை சொல்லிக்கிட்டு மட்டும் இருக்கக் கூடாது. அதுக்கு வேலைக்கே போயிடு தாயே.”

மறுநாள் காலை ஏழரை மணிக்கு, தெரிந்தவரிடம் கான்கிரீட் அறுக்கும் கட்டரை வாங்கிக்கொண்டு அக்காவும் தம்பியும் வந்துவிட்டார்கள். எஞ்சினியர் தயங்கினார்.

“மேடம், நான் இன்னும் சரின்னு சொல்லலயே.”

“படத்துல இங்க குறிச்சது யாரு?”

“நான்தான்.”

“மாத்தச் சொல்லி யாராவது எழுதிக் குடுத்தாங்களா?”

“இல்ல.”

“வேலைய நிறுத்தச் சொல்லி?”

“அதுவும் இல்ல.”

“அப்பறம் என்ன சார்? நான் உங்க பேச்சத்தான் கேட்டுட்டு இருக்கேன்.”

கான்கிரீட் உடைய மதியமாயிற்று. ராடு இறங்கியது. மேலே வந்தது பழுப்பு மணல். வாயு அளக்கும் கைக்கருவியை எஞ்சினியர் நீட்டினார், பூஜ்யம். மூன்று மீட்டரில் தண்ணீர். அங்கேயும் பூஜ்யம். நான்கு மீட்டரிலும் அதே. இதற்குள் மேனேஜர் வந்து சேர்ந்தார். கருவியைப் பார்த்ததும் முகம் மலர்ந்துவிட்டது.

“ஒண்ணுகொறச்சலம்மா, மலையக் கெல்லி எலியக்கூடப் பிடிக்கலயே! போதும், நிறுத்திட்டு மூட்டை கட்டுங்க.”

“களிமண் தட்டுறவரைக்கும்னு படத்துல இருக்கு.”

“சுத்தமாத்தான் இருக்குன்னு கண்ணால பாக்கறீங்கல்ல?”

“நாலு மீட்டர் வரைக்கும் பாத்தேன். அஞ்சாவது மீட்டர நான் பாக்கல, நீங்களும் பாக்கல.”

தம்பி எந்திரத்தை நிறுத்தாமல் இருந்தார். முதல் நாள் கெஞ்சியவர் அவர்தான். ஆனால் அக்காவை வெளியாள் கேலி பேசியது அவருக்குப் பிடிக்கவில்லை. “அதுக்காகத்தான் ஓட்டினேன், விஷத்துக்காக இல்ல” என்று என்னிடம் சொன்னார்.

ஐந்தாம் ராடு முக்கால்வாசிக்கு மேல் இறங்கியபோது, மாதிரிக் குழாயைத் திறந்ததும் எல்லோரும் ஒரு அடி பின்னால் போனார்கள். தித்திப்பாக, தலையைக் கிறுகிறுக்க வைக்கும் ஒரு வாடை. யாரும் மூக்கைக் கிட்டே கொண்டுபோகக் கூடாது என்பது விதி. அது தானாகவே வந்தது. கைக்கருவி கத்தியது. எஞ்சினியர் கண்ணாடியைத் துடைக்க மறந்து நின்றார். டிரை கிளீனிங் திரவம் தண்ணீரைவிடக் கனம். மேல்மண்ணில் தடமே தெரியாமல் தண்ணீருக்குள் மூழ்கி, எது தாங்குகிறதோ அதன் மேல் போய்த் தேங்கிவிடும். தாங்கியது களிமண். ஆழம் 7.40 மீட்டர்.

அவர் நான்கு பாட்டில்களை அடைத்தார். கையைக் காட்டித் தம்பியை நிறுத்தச் சொன்னார்.

மேனேஜர் குறுக்கே வந்தார். “நிறுத்தாதீங்க. இன்னும் ரெண்டு ராடு இறக்குங்க. அடியில சுத்தமா இருக்குன்னு காட்டிடலாம்.”

“இறக்க மாட்டேன்.”

“என்னம்மா விளையாடறீங்களா? நிறுத்துன்னா இறக்குவேங்கறீங்க, இறக்குன்னா நிறுத்துவேங்கறீங்க! நான் எதச் சொன்னாலும் மாத்திச் செய்யறதுன்னு வேண்டுதலா?”

“சார், இந்தக் களிமண்ணு சட்டியோட அடி மாதிரி. விஷம் இதுமேலதான் நிக்குது. இப்போ நான் ஓட்டை போட்டா நேரா கீழ இருக்கற தண்ணில இறங்கிடும். அந்தத் தண்ணியத்தான் இந்தத் தெருவே மோட்டார் போட்டுக் குடிக்குது. நாப்பது வருஷத்துல சலவைக்காரங்க செய்யாத கெடுதல நான் பத்து நிமிஷத்துல செய்யணுமா?”

“நான் சொல்றேன், செய்யுங்க!”

“எழுதிக் குடுத்தாலும் செய்ய மாட்டேன். இது கையெழுத்து வாங்கிட்டுச் செய்யற காரியத்துல சேராது.”

தண்ணீர் பட்டால் உப்பி அடைத்துக்கொள்ளும் களிமண் உருண்டைகளைத் துளைக்குள் கொட்டி, மேலே சிமெண்ட் பூசி மூடினார்கள். மாலை 4.50க்கு ஐஸ் பெட்டி என் மேசைக்கு வந்தது. நான்கு பாட்டில்களும் விளிம்புவரை நிறைந்திருந்தன.

சோதனை முடிவு ஒன்பதாம் நாள் போயிற்று. அனுமதிக்கப்பட்ட அளவைப் போல முந்நூறு மடங்குக்கு மேல்.

இருபத்து மூன்றாம் நாள் ஆய்வு நிறுவனத்திலிருந்து அவருக்குத் தட்டச்சு செய்த தாள் ஒன்று வந்தது: ஏழாம் துளையின் சுத்தப் பிரதி, சரிபார்த்துக் கையெழுத்திடவும். எல்லாம் சரியாக இருந்தது, ஒரு கட்டம் தவிர. 7.20 முதல் 7.40 வரை, ‘வாடை’ என்ற இடத்தில் ‘இல்லை’ என்று இருந்தது. காரணம் விளங்கக் கஷ்டமில்லை. பாட்டிலில் ஏதோ கலந்துவிட்டது, சோதனையில் தவறு என்று சொல்லி, நான்கு மீட்டர் தள்ளிப் புதிதாக ஒன்று போட்டுக்கொள்ளலாம். களத்திலேயே வாடை வந்தது என்று தாள் சொன்னால், அந்தப் பேச்சு எடுபடாது.

அவர் அலுவலகத்துக்கு நேரில் போனார். நிறுவனத்தின் தலைவர் நாற்காலி காட்டினார்; அவர் உட்காரவில்லை.

“வாடைங்கறது என்னம்மா, ஆளுக்கு ஆள் மாறும். எனக்கே எங்க வீட்ல பூண்டு வாடை தெரியாது” என்றார் தலைவர்.

“தெரியாதவங்க இந்தக் கட்டத்த நெரப்பக் கூடாது சார். பேனா இருக்கா?”

இந்தத் தொழிலில் எழுதியதை அழிக்கக் கூடாது. அடியில் இருப்பது தெரியும்படி ஒற்றைக் கோடுதான் போட வேண்டும். ‘இல்லை’யின் மேல் ஒரு கோடு இழுத்தார். பக்கத்தில் ‘உண்டு. தித்திப்பு. கடுமை. குழாயைத் திறந்ததும் நால்வரும் உணர்ந்தது’ என்று எழுதி, கையெழுத்து, தேதி, நேரம் 10.35 என்று முடித்தார். தலைவர் தாளை இழுக்கப் பார்த்தார்.

“இதுக்கப்பறம் எங்க வேலை எதுவும் உங்களுக்கு வராது. யோசிச்சுக்கோங்க.”

“வராட்டிப் போகட்டும். தாள ஒரு நிமிஷம் விடுங்க, ஜெராக்ஸ் எடுத்துக்கறேன்.”

எதிரே இருந்த கடையில் இரண்டு பிரதிகள் எடுத்தார். ஒன்றை அவரே கட்டட அனுமதி கொடுக்கும் அலுவலகத்தில் சேர்த்து, பெற்றுக்கொண்டதற்கு முத்திரை வாங்கினார். அதை அவர் செய்ய வேண்டிய கட்டாயம் எதுவும் இல்லை.

அந்த நிறுவனத்திலிருந்து பதினான்கு மாதம் ஒரு அழைப்பும் வரவில்லை. தம்பி கிரேன் ஓட்டப் போனார். அக்கா ஒரு கிணறு தோண்டும் கூட்டத்தோடு திரிந்தார்; மற்ற நாட்களில் கணவரின் தையலில் நொட்டை சொன்னார். அனுமதி அலுவலகம் ஒரு நிபந்தனை போட்டது: எந்திர அறையின் அடிமண்ணைக் களிமண்வரை தோண்டி எடுத்து அப்புறப்படுத்திய பிறகுதான் கட்ட வேண்டும்.

தோண்டுவதற்குப் பதினொரு வாரம் ஆயிற்று. எட்டாம் வாரத்தில் ஒரு நாள் அவரும் தம்பியும் அந்தப் பக்கமாகப் போனபோது, தகர வேலிக்கு உள்ளேயிருந்து மேனேஜர் பார்த்துவிட்டார். தலைக்கவசமும் முகமூடியுமாக வெளியே வந்தார்.

“வாங்க. பாத்தீங்களா பள்ளத்த? இப்போ சந்தோஷம்தான?”

“சந்தோஷப்பட என்ன சார் இருக்கு. களிமண் வந்துடுச்சா?”

“வந்துடுச்சு.”

“எத்தனைல?”

மேனேஜர் முகமூடியைக் கீழே இழுத்தார். “ஏழு மீட்டர் நாப்பது.”

அவர் தலையை ஆட்டிவிட்டு நடந்தார். பேருந்து நிறுத்தம்வரை தம்பிதான் பேசிக்கொண்டு வந்தார். கிரேன் வேலையை விட்டுவிட்டு மறுபடி அக்காவோடு துளை போட வரலாமா என்று கேட்டார்.