துரைக்குப் பங்காளிகள்

"எல்லாருக்கும் சந்தோஷந்தான?" என்று கேட்டுவிட்டு, பதில் வருமுன் காசிலிங்கம் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைக்கத் தொடங்குகிறார். கண்ணாடி இல்லாவிட்டால் அவருக்கு எதிரே இருப்பவர் முகம் தெரியாது. அதனால் வேலை சுலபமாக முடிகிறது. கிடங்குக்குள் நாற்பது பெண்கள் பனைநார்த் தும்பை இரும்புச் சீப்பில் சீவி, நீளம் பார்த்துக் கட்டுகிறார்கள். கண்ணாடி மூக்கில் ஏறியதும், எல்லாரும் சந்தோஷம் என்று நோட்டில் குறித்துக்கொள்வார். தூத்துக்குடித் தும்புக் கிட்டங்கியில் தினமும் காலை ஏழு மணிக்கு இந்தக் கேள்வியைக் கேட்க வேண்டும் என்பது லண்டன் ஆபீஸின் உத்தரவு.

காசிலிங்கம் தலைமைக் கிளார்க். உடன்குடியிலிருந்து வந்து இருபத்திரண்டு வருஷம் ஆகிறது. சித்திரை வெயிலிலும் கறுப்புக் கோட்டைக் கழற்றியதில்லை. கிட்டங்கியின் வெள்ளைக்கார மானேஜரான துரையின் இங்கிலீஷைத் தமிழாக்குவதும் அவர்தான். துரை ஐந்து நிமிஷம் கோபித்தால், "வெரசாக் கட்டச் சொல்லுதாவ" என்று முடிப்பார். துரை அபூர்வமாகப் பாராட்டினாலும் தமிழில் அதேதான்: "வெரசாக் கட்டச் சொல்லுதாவ."

இரண்டு வருஷத்துக்கு முன் அவருடைய அண்ணன் பிச்சையா ஊரில் இறந்துபோனார். காசிலிங்கம் பிழையில்லாத இங்கிலீஷில் லீவு கேட்டு எழுதினார். 'கப்பல் போன பிறகு' என்று துரை சிவப்பு மசியில் எழுதித் திருப்பினார். தும்பு ஏற்றும் கப்பல் போகப் பன்னிரண்டு நாளாயிற்று. செய்தி வந்த அன்று வீட்டுக்குப் போய்த் தலை முழுகக்கூட அவர் நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை. "கம்பெனிதான முக்கியம்" என்று, யாரும் கேட்காதபோதே சொல்லிக்கொண்டிருந்தார்.

மறுவருஷம், நாற்பத்தாறில், ஊர் ஊராக வேலைநிறுத்தம். கம்பெனி தன்னுடையது என்ற எண்ணம் தொழிலாளிக்கு வந்துவிட்டால் நிறுத்தமே வராது என்று லண்டன் கண்டுபிடித்தது. ஒழுகுகிற கூரையைத் தொட வேண்டாம். எண்ணத்தை மட்டும் ஊட்டினால் போதும். துரை பெஞ்சின் மேல் ஏறி நின்று, நீங்கள் எல்லாரும் என் பார்ட்னர்கள் என்றார்.

காசிலிங்கம் யோசித்தார். பங்குதாரர் என்றால் நாளைக்கே பங்கு கேட்பார்கள். ஆபத்தில்லாத சொல் ஒன்று அகப்பட்டது.

"துரைக்கு நீங்க எல்லாரும் பங்காளியளாம்."

"அப்ப இனிம வரப்புச் சண்டையும் உண்டுமா, கிளாக்கையா?" என்றாள் தும்பு சீவும் பேச்சித்தாய். கிட்டங்கியே சிரித்தது. எண்ணம் ஊறிவிட்டது என்று துரை கை தட்டினார்.

அடுத்த மாதம் சீமையிலிருந்து தந்தி வந்தது: துரையின் அண்ணன் இறந்துவிட்டார். மறுநாள் சரக்குக் கப்பல். சத்தம் போடாமல் வேலை செய்யுங்கள் என்று சொல்லக் காசிலிங்கம் வந்தார். பேச்சித்தாய் சீப்பைக் கீழே வைத்தாள்.

"பங்காளி வீட்டுச் சாவு, துட்டியில்லா! தீட்டோட தும்பத் தொடலாமா?"

"ஏளா, நாளைக்குக் கப்பலு!"

"கப்பலுக்குத் தீட்டு கெடையாது, எங்களுக்கு உண்டும். பங்காளின்னு சொன்னது ஒங்க வாயிதான?"

நாற்பது சீப்புகளும் தரைக்கு வந்தன. சத்தம் நின்றதைக் கேட்டுத் துரை வெளியே வந்தார். என்ன சொல்கிறார்கள் என்றார். உள்ளதைச் சொன்னால் பங்காளி என்ற சொல்லின் பொருளையும் சொல்ல வேண்டும். இத்தனை வருஷ நாற்காலி அதோடு போய்விடும். காசிலிங்கத்துக்குக் கோட்டுக்குள் வியர்த்தது.

"தங்கள் அண்ணன் மறைந்த துக்கத்தில் இவர்களுக்கு வேலை ஓடவில்லை, ஐயா" என்றார் இங்கிலீஷில்.

துரையின் கண் சிவந்தது. கப்பல் காத்திருக்கட்டும், எல்லாருக்கும் மூன்று நாள் லீவு, கூலி உண்டு என்றார். இதை மட்டும் காசிலிங்கம் ஒரு சொல் குறைக்காமல் தமிழாக்கினார்.

பெண்கள் கூடையை எடுத்துக்கொண்டு கிளம்பினார்கள். பேச்சித்தாய் வாசலில் திரும்பி நின்றாள்.

"நீங்களும் தல முழுவிட்டு வாங்க, கிளாக்கையா. போன வருசத்துக்கும் சேத்து."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு துரை சொல்லச் சொல்ல லண்டனுக்குக் கடிதம் டைப் அடித்தார்: புதிய முறை எதிர்பார்த்ததைவிட நன்றாக வேலை செய்கிறது. கடிதம் முடிந்தபோது கிட்டங்கியில் வேலை செய்ய ஒருவரும் இல்லை.

துரையின் வண்டி போனதும் பின்கட்டுக்கு நடந்தார். அங்கே தண்ணீர்த் தொட்டி இருந்தது. தீப்பிடித்தாலொழிய யாரும் தொடக்கூடாது என்று அவரே எழுதி மாட்டிய பலகையும் இருந்தது. வாளி நிறைய மொண்டார். உடன்குடி இருக்கும் தெற்குப் பக்கமாகத் திரும்பி நின்று, கோட்டைக்கூடக் கழற்றாமல், தலையில் ஊற்றிக்கொண்டார்.