வாசலுக்கு வெளியே தேத்தண்ணி

மழை கொட்டிக்கொண்டிருந்தது. நானும் என் கணவரும் தேநீர் அண்டாவின் காதுகளை ஆளுக்கொன்றாகப் பிடித்துத் தூக்கிக்கொண்டு வர, எங்கள் பக்கத்து வீட்டு வெள்ளைக்கார அம்மா இரண்டு கைகளையும் விரித்து மண்டப வாசலை மறித்துக்கொண்டு நின்றார். முகத்தில் கோபம் இல்லை. அழுகைதான் வரப் பார்த்தது. எழுபதுகளின் நடுவில், மெல்பேணில், என் தங்கையின் கலியாணத்தன்று நடந்தது இது. மண்டபம் அந்த அம்மாவின் மோர்மன் கிறிஸ்தவ சபைக்குச் சொந்தமானது. உள்ளே மாப்பிள்ளை வீட்டார் வந்து உட்கார்ந்தாயிற்று. தேநீர் இன்னும் வெளியே நிற்கிறது.

அந்த அம்மா சபையின் மாதர் சங்கத்துக்குத் தலைவி. ஆறு பிள்ளைகள், வீடு நிறைய வேலை. அதற்குள்ளும் மாதாமாதம் இன்னொரு பெண்ணையும் கூட்டிக்கொண்டு வீடு வீடாகப் போய், யாருக்கு என்ன குறை என்று விசாரித்து வருவார். நாங்கள் குடிவந்த கையோடு, தானே சுட்ட பாண் ரொட்டியோடு எங்கள் வீட்டுக்கும் வந்தார். நான் ஏலக்காய் தட்டிப் போட்டுத் தேநீர் கொண்டுபோனால், சிரித்தபடி வேண்டாம் என்றுவிட்டார். ஊரில் ஒருவர் வீட்டில் தேத்தண்ணி குடிக்காமல் எழும்பினால் அதற்கு ஒரே அர்த்தம்தான்: உங்களைத் தங்களுக்குச் சமமாக நினைக்கவில்லை. பெரிய ராணியாக்கும் என்று மனதுக்குள் பொரிந்து தள்ளினேன். தேநீர், கோப்பி, மது மூன்றும் அவர்களுடைய சமயத்தில் விலக்கு என்பது பிறகுதான் தெரிந்தது. அன்றிலிருந்து அவர் வந்தால் வெந்நீரில் எலுமிச்சம்பழம் பிழிந்து சீனி போட்டுக் கொடுப்பேன். ஒரு சொட்டு மிச்சம் வைக்கமாட்டார்.

இன்றைக்கு இந்த நகரத்தில் கோயிலுக்கோ கலியாண மண்டபத்துக்கோ பஞ்சமில்லை. அப்போது ஐயரே கிடையாது. மந்திரம் தெரிந்த ஒரு கணக்காளர் அங்கிள்தான் எங்களுக்கு ஐயர். வீட்டுக் கொல்லையில் தார்ப்பாய் கட்டி மணவறை போட்டிருந்தோம். எங்கள் அம்மாவும் அப்பாவும் யாழ்ப்பாணத்திலிருந்து வர முடியாமல் போயிற்று. மாப்பிள்ளையின் தாய்க்கு அதுதான் மனக்குறை. கொழும்பிலிருந்து வந்து இறங்கிய நாள் தொட்டு ஒரே பல்லவி: “தாய் தகப்பன் நிண்டு நடத்தாத கலியாணம் என்ன கலியாணம்? ஒரு பிழை வரட்டும், நான் மகனைக் கூட்டிக்கொண்டு திரும்பிப் போயிடுவன்.” மாப்பிள்ளையோ தாயின் சொல்லைத் தட்டாத பிள்ளை. இதைக் கேட்கும்போதெல்லாம் தங்கையின் கண் நிறைந்துவிடும்.

கலியாணத்தன்று விடிந்ததும் பிடித்தது மழை. தார்ப்பாய் தண்ணீரைத் தாங்கமாட்டாமல் மணவறையின் மேலேயே பொத்தென்று விழுந்தது. வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்த பக்கத்து வீட்டம்மா ஓடிப்போய்த் தொலைபேசியை எடுத்தார். அவர்களுடைய பிஷப் வாரநாட்களில் தண்ணீர்க் குழாய் திருத்துகிறவர். அந்தச் சபையில் குருமாருக்குச் சம்பளம் கிடையாது. வேலை உடுப்போடு மண்டபச் சாவியும், ஓமம் வளர்க்க ஒரு இரும்புத் தட்டும், மணல் மூட்டையும் கொண்டு வந்து இறங்கினார் மனிதர். மாதர் சங்கத்துப் பெண்கள் ஆட்கள் உட்காரக் கதிரைகளைக் கார்களில் ஏற்றினார்கள், மணவறைத் தூண்களைச் சுமந்தார்கள், பிள்ளைகள் விளையாட மண்டபச் சுவரில் இருந்த கூடைப்பந்து வளையம் வரை ஏறி மாலை கட்டினார்கள். எங்கள் பிள்ளையாரை இரண்டு கைகளாலும் ஏந்திக்கொண்டு போன ஒருத்தி, இவரை எந்தப் பக்கம் பார்க்க வைப்பது என்று கவலையோடு கேட்டாள். அந்தப் பெண்களைக் கட்டிப்பிடித்துக் கொஞ்சலாம் போலிருந்தது.

இவ்வளவும் செய்தவர்தான் வாசலில் மறித்தார். இந்தக் கட்டடத்துக்குள் தேநீர் வரக்கூடாது, இதை மட்டும் என்னிடம் கேட்காதே என்றார். அந்த நேரம் பார்த்து உள்ளேயிருந்து மாப்பிள்ளையின் தாயின் குரல்: “எங்கை பிள்ளை, வந்தவைக்கு ஒரு வாய் தேத்தண்ணியும் இல்லையோ?”

“போச்சு, எல்லாம் போச்சு!” என்றார் என் கணவர்.

பக்கத்து வீட்டம்மா உள்ளே போய் மடிப்பு மேசை ஒன்றைத் தூக்கி வந்து, வாசற்படிக்கு வெளியே, கொட்டுகிற மழையில் விரித்தார். தோழிகளைக் கூப்பிட்டார். அண்டாவுக்கும் கோப்பைகளுக்கும் மேலே அவர்கள் குடை பிடிக்க, தானே ஊற்றத் தொடங்கினார். தங்கள் தலை நனைகிறதே என்று ஒருத்தியும் பார்க்கவில்லை. தேநீரே குடித்தறியாதவர்கள் பாலை எவ்வளவு விடுவது என்று தெரியாமல் ஊற்ற, எங்கள் ஆட்கள் ஒவ்வொருவராக வெளியே வந்து, “ஐயோ அன்ரி, காணும் காணும், போதும்!” என்று கத்த, மழைக்குள் ஒரே சிரிப்பும் கும்மாளமும்.

சத்தம் கேட்டு மாப்பிள்ளையின் தாயும் வெளியே வந்தார்.

“ஆர் இந்த மனுசி? ஏன் மழையுக்கை நிண்டு ஊத்திறா?”

“பக்கத்து வீட்டு அன்ரி, மாமி. உள்ளுக்கை தேத்தண்ணி கொண்டுபோகக் கூடாதாம். அவையின்ர சமயம்.”

“அப்ப அவ குடிக்கமாட்டாவோ?”

“வாயிலயும் வைக்கமாட்டா மாமி.”

“தான் தொடாத ஒண்டுக்கோ இப்பிடி நனையிறா? உனக்காகவோ?”

“ஓம் மாமி.”

மாப்பிள்ளையின் தாய், கூறைச்சேலையைப் போலப் பாதுகாத்துக் கட்டி வந்த காஞ்சிபுரச் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு படியிறங்கினார். ஒரு பெண்ணின் கையிலிருந்த குடையை வாங்கி, ஊற்றிக்கொண்டிருந்தவரின் தலைக்கு மேலே பிடித்தார். நீட்டிய தேநீரை வாங்கவில்லை. “அவ குடிக்கிறதையே எனக்கும் தா” என்றார். நான் மண்டபத்துக் குசினி அடுப்படிக்கு ஓடி வெந்நீரும் எலுமிச்சம்பழமும் கொண்டுவந்தேன். இருவரும் ஒரே குடையின் கீழ் நின்று குடித்து முடித்தார்கள்.

பிறகு மாப்பிள்ளையின் தாய் பக்கத்து வீட்டம்மாவின் நனைந்த கையைப் பிடித்துத் தமிழிலேயே சொல்ல, நான் அதை ஆங்கிலத்தில் சொன்னேன்.

“வாங்கோ சம்பந்தி, முகூர்த்தம் போகுது. பொம்பிளைக்குத் தாய் நிக்கிற இடத்தில நீங்கள்தான் நிக்கவேணும்.”

மணவறைக்குள் அந்த இருவரும் கைகோத்து வருவதைக் கண்டதும், தலை குனிந்திருந்த தங்கை முகத்தை நிமிர்த்திச் சிரித்தாள்.