மல்லாட்டை எண்ணெய் பூசின பிரேக்

1986ல அன்னிக்கு விழுப்புரம் ஷெட்டுல இருந்தவங்க: நான், என் வூட்டுக்காரர், மெக்கானிக் காதர் பாய், என் கொழுந்தன் தனபால்.

வூட்டுக்காரர் ரேஸுக்கு ஓட்டுற காருக்கு பாய் புது பிரேக் டிஸ்க்கும் பேடும் மாட்டினாரு.

"தங்கச்சி, ரெண்டும் ஒண்ணோட ஒண்ணு பழகணும். வேகமா போயி பாதி பிரேக் புடிக்கணும், நிக்கக் கூடாது. பத்து வாட்டி."

நாங்க டீ குடிக்கப் போன நேரத்துல, கலப்பைக் கொழுவுக்குப் பூசற மாதிரி, துரு புடிக்கக் கூடாதுன்னு தனபால் டிஸ்க்குல எண்ணெய் பூசிட்டான்.

திண்டிவனம் ரோட்டுல மொத பிரேக்கே புடிக்கல. கார் ரோட்டோரக் கொல்லையில எறங்கி வூட்டுக்காரருக்குக் கை ஒடிஞ்சிச்சு.

"பாய்க்கு வேலை தெரியாது அண்ணி"ன்னான் தனபால்.

டிஸ்க்கைத் தொட்டு மோந்து பாத்தேன். எங்க வூட்டு மல்லாட்டை எண்ணெய், அதான் கடலெண்ணெய், எனக்குத் தெரியாதா? கேட்டதுக்கு "துரு புடிக்கக் கூடாதுன்னுதான் அண்ணி"ன்னான், ஊருக்கு மட்டும் பாயைத்தான் காட்டினான். ஊரு பாயைத்தான் ஏசிச்சு. பாய் ஷெட்டுக்கு வண்டி வர்றது நின்னுபோச்சு.

கை கூடினதும் பாயையே மறுபடி மாட்டச் சொன்னேன். பத்து வாட்டியும் முன் சீட்டுல குந்திக்கினு எண்ணினேன். பிரேக் ஜோரா புடிச்சிச்சு.

இன்னிக்கு திண்டிவனம் பஸ்ஸுல, பக்கத்து ஆளுகிட்ட தனபால் அதே பொய்யைச் சொல்லிச் சிரிச்சிக்கினு வந்தான். பின் சீட்டுலேர்ந்து எழுந்தேன்.

"எண்ணெய் பூசினது யாருடா?"

பஸ்ஸே திரும்பிப் பாத்துச்சு.

"அண்ணி, இன்னுமா அத வெச்சிக்கினு இருக்கீங்க?"

"பாய்தான் செத்துட்டாரு. நான் இருக்கேன்ல?"

எண்ணெய் பூசினது தெரியாத்தனம், எப்பவோ மன்னிச்சிட்டேன். பாய் பேரைக் கெடுத்ததை மன்னிக்கலாமா, நீங்களே சொல்லுங்க. நீங்க சொன்னாலும் மன்னிக்க மாட்டேன், தனபாலை.