ஐ.சி.யூ. வாசலில் ஒரு தண்ணீர்ப் பந்தல்

கோடையில் நிறையத் தண்ணீர் குடிக்க வேண்டும் என்று ஒரு கூடம் நிறைய ஆட்களுக்குச் சொல்லிக்கொண்டிருந்தபோதுதான் என் வயிற்றிலிருந்த கல் என்னைத் தரையில் உட்கார வைத்தது.

மேலூர் ரோட்டில், மாட்டுத்தாவணி தாண்டி ஒத்தக்கடை போகும் வழியில் இருக்கிற ஒரு தனியார் மருத்துவமனையில் நான் ஐ.சி.யூ. நர்ஸ். எங்கள் வார்டுக்கு வெளியே ஒரு காத்திருப்புக் கூடம் உண்டு. உள்ளே படுத்திருப்பவர்களின் சொந்தக்காரர்கள் அங்கேதான் இருப்பார்கள். பாய் விரித்துப் படுப்பதும், பார்சல் பிரித்துச் சாப்பிடுவதும், சாமி கும்பிடுவதும் எல்லாம் அங்கேதான். கண்ணாடிக் கதவையே பார்த்துக்கொண்டு கிடக்கிற அவர்களுக்கு மதிய நேரத்தில் கொஞ்சம் சுகாதாரப் பாடம் சொல்லலாம் என்று நிர்வாகம் நினைத்தது. சர்க்கரை, ரத்தக் கொதிப்பு, கை கழுவுவது என்று நாளுக்கொரு விஷயம். எனக்கு வாய் நீளம் என்பதால் அந்த வேலை என்னிடம் வந்தது.

அதை நான் ரசித்துத்தான் செய்தேன். உள்ளே என் நோயாளிகளில் பாதிப் பேர் மயக்கத்தில் இருப்பார்கள். நான் எவ்வளவு பேசினாலும் மானிட்டர்தான் பதில் சொல்லும். வெளியே அப்படியில்லை. சிரிப்பார்கள், குறுக்கே கேட்பார்கள், பீடியை மறைப்பார்கள். பாடம் முடிந்ததும் கையைப் பிடித்துக்கொண்டு, "எங்காளு எப்படித்தா இருக்காரு?" என்று கேட்பார்கள். அந்தக் கேள்வியைக் கேட்பதற்காகவே பாடத்தைப் பொறுத்துக்கொண்டவர்களும் உண்டு.

ஆனால் வார்டுக்குள் எங்கள் கதை வேறு. ஐ.சி.யூ.வுக்குள் வாயில் எதையும் வைக்கக் கூடாது. தண்ணீர் குடிக்க வேண்டுமென்றால் கதவைத் தாண்டி வெளியே போக வேண்டும். போனால் நம் பொறுப்பில் இருக்கிற படுக்கையை யார் பார்ப்பது? காலையில் வீட்டில் குடித்த டீயோடு வண்டியேறினால், பரவையில் இருக்கிற வீட்டுக்குத் திரும்பி வந்துதான் அடுத்த சொம்பு. நடுவில் தாகம் எடுத்தால் எச்சிலை விழுங்கிக்கொள்வோம். தண்ணீர் குடித்தால் கழிப்பறைக்குப் போக வேண்டும் என்பது இன்னொரு கணக்கு. எங்களில் யாருக்கும் இது குறையாகத் தெரியவில்லை. 'இன்னைக்கு நகரவே இல்லடி' என்று ஒருத்தி சொன்னால் அதில் கொஞ்சம் பெருமை இருக்கும். எங்கள் இன்சார்ஜ் சிஸ்டர் அந்தப் பெருமைக்கே தலைவி. ஓய்வு பெறும் வயதை நெருங்கியவர். டியூட்டியில் அவர் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. இத்தனைக்கும், நோயாளி குடிப்பதையும் கழிப்பதையும் சொட்டுச் சொட்டாக அளப்பதுதான் எங்கள் பிழைப்பு. பையில் இறங்குகிற சிறுநீர் கொஞ்சம் குறைந்தால் டாக்டருக்குப் போன் பறக்கும்.

அன்றைக்குக் கூடத்தில் முன்வரிசையில் ஓர் அக்கா இருந்தார். மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டில் கடை வைத்திருப்பவர். அவருடைய கணவருக்கு நுரையீரலில் கடுமையான தொற்று. வென்டிலேட்டரில் இருந்தார், என் படுக்கைதான். அந்த அக்கா எந்தப் பாடத்தையும் தவறவிட மாட்டார். கேட்டுக்கொண்டே கை தானாகப் பூக் கட்டும். வெயில் நாளில் சிறுநீர் எந்த நிறத்தில் இருக்க வேண்டும் என்று நான் விளக்கிக்கொண்டிருந்தேன். இடுப்புக்குப் பின்னால் யாரோ கத்தியை வைத்துத் திருகியது போல இருந்தது. பேச்சை விடாமல் இன்னும் இரண்டு வாக்கியம் சொன்னேன். அதற்குமேல் முடியவில்லை. சுவரைப் பிடித்தபடி சரிந்து உட்கார்ந்தேன். பூக்கார அக்கா மடியிலிருந்த பூவைத் தள்ளிவிட்டு எழுந்து வந்து என் தலையைத் தன் தோளில் சாய்த்துக்கொண்டார். மற்றவர்கள் கண்ணாடிக் கதவைத் தட்டினார்கள். உள்ளேயிருந்து சக்கர நாற்காலி வந்தது. அந்தக் கூடத்திலிருந்து ஒருவரை உள்ளே தள்ளிக்கொண்டு போனது அதுதான் முதல் தடவையாக இருக்கும்.

ஸ்கேனில் மிளகு அளவுக்கு ஒரு கல் தெரிந்தது. சிறுநீர்க் குழாயில் வந்து மாட்டியிருக்கிறது. ஆபரேஷன் வேண்டாம், வலிக்கு ஊசி போட்டு, நிறையத் தண்ணீர் குடித்தால் தானே வெளியேறிவிடும் என்றார் டாக்டர். சொல்லிவிட்டு முகத்தை மிகவும் பொறுப்பாக வைத்துக்கொண்டு, இன்று கூடத்தில் என்ன தலைப்பு என்று விசாரித்தார். அருகிலிருந்த நர்ஸ் பெண் திரையை இழுத்து முகத்தை மறைத்துக்கொண்டு சிரித்தாள். வலியிலும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்தால் வலி கூடியது.

பொது வார்டில் படுக்க வைத்தார்கள். ஐ.சி.யூ.வில் என் பக்கத்துப் படுக்கையைப் பார்க்கிற நர்ஸ் பெண் ஒருத்தி உண்டு, வேலைக்குப் புதிது, எனக்குத் தங்கச்சி மாதிரி. அவள் டியூட்டி முடிந்து வந்து, கட்டிலுக்கடியில் சிறுநீர் அளக்கிற குடுவை ஒன்றை வைத்தாள். "அக்கா, அவுட்புட் எனக்கு வேணும். கொறைஞ்சா டாக்டருக்குப் போன் போட்டுருவேன்" என்றாள். என் கணவர் பரவை மார்க்கெட்டில் லோடு ஆட்டோ ஓட்டுகிறவர். வண்டியோடு வந்துவிட்டார். ஒரு குலை இளநீரை இறக்கினார். ஊருக்கே வகுப்பெடுக்கிறவளுக்கு இப்படி ஆனதை மார்க்கெட்டில் யாரிடமும் சொல்லவில்லை என்று சத்தியம் செய்தார். மறுநாள் மார்க்கெட்டிலிருந்து மூன்று பேர் வாழைத்தண்டோடு பார்க்க வந்தார்கள்.

இன்சார்ஜ் சிஸ்டரும் வந்தார். வழக்கம்போல நின்றுகொண்டே, நான் கூடத்தில் சொல்கிற அதே பாடத்தை எனக்கே சொல்ல ஆரம்பித்தார். தாகம் எடுக்கும்வரை காத்திருக்கக் கூடாது, சிறுநீரை அடக்கக் கூடாது. எனக்கு ஊசி மருந்தின் தைரியம் இருந்தது.

"நீங்க இன்னைக்கு எப்ப தண்ணி குடிச்சீங்க சிஸ்டர்?" என்று கேட்டேன்.

அவர் யோசித்தார். பிறகு, அத்தனை வருடத்தில் முதல் முறையாக, என் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தார். காலையில் கோரிப்பாளையத்தில் பஸ் மாறும்போது ஒரு காப்பி குடித்ததாகச் சொன்னார். பல வருடமாக மாலையில் தலைவலி வருவதையும், அதற்கு மாத்திரை போட்டுக்கொள்வதையும், வெயில்தான் காரணம் என்று நினைத்திருந்ததையும் சொன்னார். பிறகு நான் ஓர் இளநீரை அவர் பக்கம் நகர்த்தினேன். மறுக்காமல் குடித்தார்.

கல் இறங்கி, நான் வேலைக்குத் திரும்பியபோது கதவுக்கு வெளியே ஒரு சின்ன மேசை போடப்பட்டிருந்தது. மேலே ஒரு மண் பானை, எங்கள் ஒவ்வொருவருக்கும் ஒரு தம்ளர். இன்சார்ஜ் சிஸ்டர் மேலதிகாரிகளிடம் பேசி வாங்கியிருந்தார். சித்திரைத் திருவிழாவுக்கு ஊரெங்கும் பந்தல் போட்டிருந்த சமயம். டாக்டர்கள் இதற்கும் தண்ணீர்ப் பந்தல் என்று பேர் வைத்துவிட்டார்கள்.

பானை வந்துவிட்டது, குடிக்கத்தான் ஆள் போகவில்லை. மற்றவளிடம் ஒரு நிமிடம் பார்த்துக்கொள் என்று சொல்ல ஒவ்வொருத்திக்கும் கூச்சம். நான் போய் நிற்கும் நேரத்தில் என் படுக்கையில் ஏதாவது ஆகிவிட்டால் என்ற பயம் எனக்கும் இருந்தது. இத்தனை நாள் பட்டும் கால் நகரவில்லை. முதல் இரண்டு நாளும் பானைத் தண்ணீர் அப்படியே இருந்ததை இன்சார்ஜ் சிஸ்டர் பார்த்தார். மூன்றாம் நாள் கையைக் கழுவிக்கொண்டு நேராக என் படுக்கைக்கு வந்தார். நோயாளியின் நிலையை என்னிடம் கேட்டுத் தெரிந்துகொண்டார். பிறகு கதவைக் காட்டினார்.

"போ. குடிச்சுட்டு, போக வேண்டிய எடத்துக்கும் போயிட்டு நிதானமா வா. அம்புட்டு நேரமும் ஒன் பேஷண்ட் என் பேஷண்ட்."

நான் போனேன். திரும்பி வந்தபோது அவர் அதே இடத்தில் நின்று, நோயாளியின் சளியை உறிஞ்சி எடுக்க சக்‌ஷன் போட்டுக்கொண்டிருந்தார். ஒன்றும் ஆகிவிடவில்லை. அடுத்த படுக்கைக்கு நகர்ந்தார். அந்த வாரம் முழுக்க ஒவ்வொருத்தியையும் அப்படித்தான் வெளியே விரட்டினார். அதன்பின் நாங்களே மாறி மாறிப் பார்த்துக்கொள்ளப் பழகினோம். கடைசியில் நாங்கள் எல்லோரும் சேர்ந்து அவரையும் விரட்டினோம்.

மாற்றம் சின்னச் சின்னதாகத் தெரிந்தது. பிற்பகலில் ஒருவர்மேல் ஒருவர் எரிந்து விழுவது குறைந்தது. இப்போதெல்லாம் நான் வீட்டுக்கு வந்ததும் தலைவலியென்று விளக்கை அணைத்துவிட்டுப் படுப்பதில்லை என்று என் கணவர்தான் முதலில் கவனித்துச் சொன்னார். கூடத்தில் என் பாடத்துக்கும் மவுசு கூடியது. கல் விழுந்த சிஸ்டர் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று பேசிக்கொண்டார்கள்.

பூக்கார அக்காவின் கணவருக்கும் மெல்லத் தேறியது. டாக்டர் மூச்சுக் குழாயை எடுத்த அன்று நான்தான் பக்கத்தில் இருந்தேன். கரகரத்த குரலில் மனிதர் ஏதோ சொன்னார். குனிந்து கேட்டால், கடையை யார் பார்க்கிறார்கள் என்று கேட்கிறார். அக்காவை உள்ளே அழைத்து வந்தேன். அக்கா கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு அழுதார். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, மல்லி விலை ஏறியிருக்கிறது என்று கணவர் காதில் சொன்னார். மனிதர் முகத்தில் அப்படி ஒரு தெளிச்சி.

எங்களுக்குப் புதிதாக வந்த ஒரே தொல்லை கழிப்பறைதான். எல்லோரும் தண்ணீர் குடிக்க ஆரம்பித்ததும் இருந்த ஒன்று போதவில்லை. வரிசை நின்றது. நடைபாதையின் கோடியில் இன்னொன்று பல வருடமாகப் பூட்டிக் கிடந்தது, உள்ளே உடைந்த டிரிப்ஸ் ஸ்டாண்டுகள். இன்சார்ஜ் சிஸ்டர் நாலு பேரிடம் சண்டை போட்டுச் சாவி வாங்கினார். ஸ்டாண்டுகளை வெளியேற்றிக் கழுவி, குழாய் மாற்றியதும் திறப்பு விழா வைக்க வேண்டும் என்று தங்கச்சி பிடிவாதம் பிடித்தாள். கதவுக்குக் குறுக்கே கட்டுத் துணியை ரிப்பனாகக் கட்டினோம். பூக்கார அக்கா ஒரு முழம் மல்லி கொடுத்தனுப்பியிருந்தார். இன்சார்ஜ் சிஸ்டர் வெட்கப்பட்டுக்கொண்டே கத்தரியால் வெட்டினார். நாங்கள் சத்தம் வராமல் கை தட்டினோம். மூத்தவர் என்ற முறையில் அவரே முதலில் உள்ளே போய்த் தாழ் போட்டுக்கொண்டார்.

"யாரும் நிக்காதீங்கடி, போங்க" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது.