செல்வி எங்கே படுப்பாள்?

நான் ஆரணியில் பட்டு நெய்பவன். மனைவி இல்லை. ஒரே மகள் செல்வி. கல்யாண வயது, ஆனால் புத்தி குழந்தையுடையது.

போன வருடம் தறியில் இருக்கும்போது நெஞ்சை அடைத்தது. பிழைத்தேன். அன்றிலிருந்து தினமும் பயம்தான். ஆண்பிள்ளை இல்லாத எனக்கு அண்ணன் மகன்தான் கொள்ளி வைக்க வேண்டும். எங்கள் வழக்கப்படி வீடும் அவனுக்குத்தான் போகும். செல்வியைப் பார்த்துக்கொள்வான் என்று நம்பி, வீட்டை இப்போதே அவன் பேருக்கு எழுதிவிட நினைத்தேன்.

செல்வியையும் அவனையும் கூட்டிக்கொண்டு வக்கீலிடம் போனேன். அவர் எல்லாம் கேட்டுவிட்டு அண்ணன் மகனைப் பார்த்தார்.

"உங்க சித்தப்பாவுக்கு அப்புறம் இந்தப் பொண்ணு எங்கப்பா படுக்கும்?"

"எங்க வூட்லதான் சார்."

"அப்ப அதையும் பத்திரத்துல சேத்துடலாமா?"

"அதெல்லாம் இன்னாத்துக்கு சார் பேஜாரு? என் வாய்வார்த்தை போதாதா?"

"எழுதறதே பேஜாருன்னா, காலம் பூரா வச்சிகினு எப்படிப்பா சோறு போடுவே?" என்றவர் என் பக்கம் திரும்பினார். "அதை எழுதாம கையெழுத்து போட்டுட்டா திரும்ப வாங்க முடியாதுங்க. நாளைக்கே இவரு வெளிய போன்னாலும் நீங்களும் பொண்ணும் போவணும்."

செல்வி என் சட்டையைப் பிடித்தபடி சிரித்துக்கொண்டிருந்தாள்.

பத்திரம் வேண்டாம் என்றேன். உயில் எழுதினோம். வீடு செல்விக்கு. அவள் இருக்கும்வரை யாரும் விற்கக்கூடாது. பார்த்துக்கொள்ள என் மனைவியின் தங்கை சம்மதித்தாள்.

பயம் முழுதாகப் போகவில்லை. ஆனால் தெருவில் யாராவது வீட்டை எழுதப் போகிறார்கள் என்று கேள்விப்பட்டால், தறிக்குழியிலிருந்து ஏறிப் போய், "உன்னை நம்பினு இருக்கறவங்க எங்க படுப்பாங்க? மொதல்ல அதை எழுது" என்று சொல்லிவிட்டு வருகிறேன்.